மூளை ஸ்கேன் டேட்டாவை எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் எஃப்எம்ஆர்ஐ (மூளை வேலை செய்யும்போது ரத்தத்தில் வரும் மாற்றத்தைப் படம் பிடிக்கும் ஸ்கேன்) பற்றி இரண்டு பத்திதான் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எல்லையோர ஊர்களிலிருந்து வந்திருக்கின்றன. கொழிஞ்சாம்பாறை, களியக்காவிளை, நகரி, சித்தூர், செங்கோட்டை என்று ஊர்ப் பெயர்களைப் பார்த்ததுமே சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் நானும் குழித்துறையில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் போய் இந்த வேலையைக் கற்றுக்கொண்டவள்தான். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க இதற்கே.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): அக்கா, பாலக்காட்டில் பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்தேன். எஃப்எம்ஆர்ஐ டேட்டாவை அலசக் கற்றுக்கொள்ள ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. வீடியோ பார்த்துப் பார்த்து எந்த பட்டனை எங்கே அழுத்த வேண்டும் என்று தெரிந்துவிட்டது, ஆனால் நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே புரியவில்லை. முதலில் கணக்கைப் படிக்கணுமா, சாஃப்ட்வேரையா, மூளையையா?

பதில்: தம்பி, மூன்றையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். ஒரே ஒரு ஆளுடைய டேட்டாவை எடுத்து, எந்தப் புள்ளியியலும் போடாமல், கண்ணால் பாருங்கள். உங்களுக்கு ஏற்ற டேட்டா ஒன்று இருக்கிறது. மூளைப் படங்களை அலசும் எஸ்பிஎம் என்ற மென்பொருளோடு பாடமாகப் பல வருடங்களாக இலவசமாகக் கிடைப்பது, ஒரே ஒருவரை மட்டும் ஸ்கேன் செய்தது. 42 விநாடி சும்மா படுத்திருப்பார், அடுத்த 42 விநாடி இரண்டு காதிலும் சொற்கள் ஒலிக்கும், திரும்ப 42 விநாடி அமைதி, இப்படியே மாறி மாறிப் போகும். 7 விநாடிக்கு ஒரு முழு மூளைப் படம். இன்றைய ஸ்கேனர்கள் சாதாரணமாகவே 2 விநாடிக்கு ஒன்று எடுக்கின்றன, ஆனால் படிப்பதற்கு இந்த மெதுவான பழைய டேட்டாதான் நல்லது, எதுவும் கண்ணுக்குத் தப்பாது.

அதை ஒரு வியூவரில் திறந்து, படங்களை வரிசையாக சினிமா மாதிரி ஓட்டிப் பாருங்கள். தலை கொஞ்சம் ஆடுவது தெரியும், சில இடங்களில் படம் மங்கலாகவோ ஓட்டையாகவோ இருக்கும், முக்கியமாக மூக்குக்கும் காதுக்கும் பக்கத்தில் காற்று இருக்கிற இடங்களை ஒட்டி. அப்புறம் காதுக்கு நேர் உள்ளே, கொஞ்சம் மேலே, ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். இந்தப் புள்ளியைத்தான் வாக்ஸெல் என்கிறோம், பொதுவாக 2, 3 மில்லிமீட்டர் அளவுள்ள சின்னக் கட்டி. அந்த ஒரு வாக்ஸெலின் மதிப்பை நேரத்துக்கு எதிராக ஒரு கோடாக வரையுங்கள். சரியான இடத்தைப் பிடித்திருந்தால் கோடு ஏழெட்டு முறை ஏறி இறங்கும். நெற்றிப் பக்கம் ஒரு வாக்ஸெலை எடுத்து அதையும் வரையுங்கள், அது ஏறி இறங்காது, சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும். இந்த இரண்டு கோடுகளையும் ஒரு காகிதத்தில் அச்செடுத்து சுவரில் ஒட்டி வையுங்கள் என்றே சொல்வேன். இந்தத் துறையில் மீதி எல்லாமே இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை நம்பும்படியாகச் சொல்வதற்கான ஏற்பாடுதான்.

சரி, கோட்டைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று கவனிப்பீர்கள். சத்தம் தொடங்கிய அதே நொடியில் கோடு ஏறாது. இதை விளக்க உங்கள் ஊர்க்காரருக்கு வெளியே உதாரணம் தேட வேண்டியதில்லை. ஆழியாறு அணையில் ஷட்டரைத் திறந்தால் தண்ணீர் உடனே கீழே மூலத்தரைக்கு வந்துவிடுகிறதா? நடுவே மணக்கடவில் அளக்கிறார்கள். மணக்கடவில் நிற்பவருக்கு அணையில் என்ன நடந்தது என்று நேராகத் தெரியாது, அங்கே நீர்மட்டம் எப்போது எவ்வளவு ஏறியது என்பதை வைத்துத்தான் கணிக்க முடியும். எஃப்எம்ஆர்ஐயும் அப்படித்தான். நரம்பணுக்கள் மில்லி விநாடிகளில் வேலையை முடித்துவிடுகின்றன. அந்த இடத்துக்கு ரத்தம் மெதுவாகக் கூடுகிறது, அதுவும் செலவான ஆக்சிஜனை விட அதிகமாகவே ஆக்சிஜனைக் கொண்டுவருகிறது. ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைக் குலைக்கும் தன்மை உள்ளது, அது அங்கே குறையும்போது சிக்னல் கொஞ்சம் ஏறுகிறது. 1990இல் செய்ஜி ஒகாவா பெல் ஆய்வகத்தில் இதைத்தான் காட்டினார், 1992இல் மனித மூளையில் இதை அளந்த கட்டுரைகள் வந்தன. ஒரு சின்னத் தூண்டலுக்கு இந்த அலை உச்சத்தைத் தொட 5, 6 விநாடி ஆகிறது, பிறகு இறங்கி, கொஞ்சம் கீழே அமுங்கி, பழைய நிலைக்கு வருகிறது. ஏற்றம் எவ்வளவு என்றால் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். ஷட்டரை அடுத்தடுத்து இரண்டு தடவை திறந்தால் மணக்கடவில் இரண்டு அலையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வரும் இல்லையா, படங்களை வேகவேகமாகக் காட்டும் சோதனைகளில் அதே சிக்கல்தான், அதைப் பிரித்தெடுக்கத்தான் காட்டும் இடைவெளிகளை வேண்டுமென்றே சீரில்லாமல் வைக்கிறார்கள்.

இது மனதில் பதிந்தால் கணக்கு தானாக வரும். சத்தம் இருந்தபோது 1, இல்லாதபோது 0 என்று ஒரு கட்டக் கோடு வரையுங்கள். அதை மேலே சொன்ன ரத்த அலையின் வடிவத்தோடு கலந்தால், விளிம்பு மழுங்கி, கொஞ்சம் தள்ளிப்போன ஒரு கோடு கிடைக்கும். மூளையிலிருந்து வந்த கோடு இந்த எதிர்பார்ப்புக் கோட்டை எவ்வளவு ஒத்திருக்கிறது? அவ்வளவுதான் ஜிஎல்எம் (பொது நேர்கோட்டு மாதிரி). கல்லூரியில் படித்த நேர்கோட்டுப் பொருத்தம்தான், கூடவே தலை அசைவின் ஆறு எண்களையும் (மூன்று திசை நகர்வு, மூன்று திசைச் சுழற்சி), மெதுவான ஏற்ற இறக்கங்களையும் அட்டவணையின் நிரல்களாகச் சேர்க்கிறோம். பைத்தானில் முப்பது நாற்பது வரியில் ஒரு வாக்ஸெலுக்கு நீங்களே எழுதிவிடலாம். எழுதி முடித்த பிறகு சாஃப்ட்வேரைத் திறந்தால் ஒவ்வொரு பட்டனும் ஏன் அங்கே இருக்கிறது என்று புரியும். பிசிக்ஸ் படித்தவருக்கு இது ஒரு மாத வேலை.

நான் இதை இந்த வரிசையில் கற்கவில்லை, அதற்கு விலை கொடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பட்டன்களை மட்டும் தெரிந்துகொண்டு, படங்களைக் காட்டி எடுத்த பதினான்கு பேர் டேட்டாவை ஓட்டினேன். எதிலும் ஒன்றும் தெரியவில்லை. மூன்று வாரம் ஸ்மூத்திங்கை (பக்கத்து வாக்ஸெல்களைச் சேர்த்துப் படத்தை மழுக்குவதை) மாற்றினேன், ஃபில்டரை மாற்றினேன், சோதனையே தப்பு என்றுகூட எழுதிவிட்டேன். ஒரு மூத்தவர் வந்து, பார்வைப் பகுதியில் ஒரு வாக்ஸெலை வரைந்து அதன்மேல் உன் எதிர்பார்ப்புக் கோட்டைப் போடு என்றார். பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. படம் காட்டிய நேரங்களை நான் விநாடியில் எழுதியிருந்தேன், எஸ்பிஎம்மில் அலகு கேட்ட இடத்தில் ஸ்கேன் என்று இருந்ததை அப்படியே விட்டிருந்தேன். 2 விநாடிக்கு ஒரு ஸ்கேன் என்பதால், 40ஆவது விநாடியில் காட்டிய படத்தை 80ஆவது விநாடியில் தேடிக்கொண்டிருந்தேன். ஒருவர் அரை மணி நேரம் அசையாமல் அந்தக் குழாய்க்குள் படுத்துக் கொடுத்த டேட்டா அது. அதை ஒழுங்காகப் பார்க்காமல் மூன்று வாரம் வைத்திருந்தது இன்றைக்கும் எனக்கு உறுத்தும்.

கேள்வி (களியக்காவிளை): என்னிடம் இருப்பது 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். விண்டோஸ். எஸ்பிஎம் ஓட்டத் தேவைப்படும் மேட்லேப் வாங்க வசதி இல்லை. முடியுமா அக்கா?

பதில்: தாராளமாக முடியும். மேட்லேப் இல்லாமல் ஓடும் எஸ்பிஎம் வடிவமும் இருக்கிறது, ஆனால் நான் பைத்தானில் மூளைப் படங்களை அலசும் நைலேர்ன் என்ற தொகுப்பைச் சொல்வேன், அதற்குக் காசு கிடையாது, பாடமும் டேட்டாவும் அதனுடனேயே வரும், லேப்டாப் திணறினால் இணையம் வழியே கூகுளின் கணினியில், கூகுள் கோலாப்பில் ஓட்டலாம். ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்களின் எஃப்எஸ்எல், ராபர்ட் காக்ஸ் எழுதத் தொடங்கிய ஆஃப்னி, இந்த இரண்டு மென்பொருளும் படிப்புக்கு இலவசம், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் நிறுவி ஓட்டிக்கொள்ளலாம். எஃப்எம்ஆர்ஐபிரெப் என்று ஒன்றை எல்லோரும் சொல்வார்கள், முன்தயாரிப்பு முழுவதையும் தானே செய்து அறிக்கையும் கொடுக்கும், அருமையான கருவி, ஆனால் உங்கள் லேப்டாப்புக்குப் பாரம். அதை இப்போது விடுங்கள். டேட்டாவுக்கு ஓப்பன்நியூரோ இணையதளத்துக்குப் போங்கள், உலகம் முழுக்க ஆய்வகங்கள் பெயர் நீக்கி வைத்திருக்கிற ஸ்கேன்கள் அங்கே இருக்கின்றன, எல்லாம் பிட்ஸ் என்ற ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்டவை. எடுக்கும்போது ஒருவருடையதை மட்டும் இறக்குங்கள், சில நூறு எம்பியிலிருந்து சில ஜிபி வரை இருக்கும். முழுத் தொகுப்பையும் இறக்கப் போனால் மாத டேட்டா ஒரே ராத்திரியில் தீரும்.

கேள்வி (வேலந்தாவளம்): பி-மதிப்பு (உண்மையில் எதுவும் இல்லாதபோதும் தற்செயலாக இப்படி வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) 0.05க்குக் கீழே வந்தால் போதும் என்று கல்லூரியில் படித்தோம். மூளைப் படத்தில் மட்டும் ஏன் அது போதாது என்கிறார்கள்?

பதில்: உங்கள் ஊர் செக்போஸ்ட் தாண்டினால் வரிசையாக லாட்டரிக் கடைகள். தமிழ்நாட்டில் 2003லேயே தடை செய்துவிட்டார்கள், கேரளத்தில் அரசே நடத்துகிறது. வாழ்க்கையில் ஒரே ஒரு சீட்டு வாங்கியவருக்குப் பரிசு விழுந்தால் ஆச்சரியப்படுவோம். லட்சம் சீட்டு விற்ற ஏஜென்சியில் யாரோ ஒருவருக்கு விழுந்தால்? அதில் என்ன ஆச்சரியம்? மூளையில் ஒரு லட்சம் வாக்ஸெல் இருந்தால் ஒரு லட்சம் தடவை சோதனை செய்கிறோம். 0.05 வைத்தால், உண்மையில் எதுவுமே நடக்காவிட்டாலும் சுமார் 5,000 வாக்ஸெல் விளக்கெரியும். 0.001 வைத்தாலும் 100. நிறம் போட்டுக் காட்டினால் அது பிரமாதமாக வேறு இருக்கும்.

இதை நிரூபிக்க 2009இல் கிரெய்க் பென்னெட்டும் கூட்டாளிகளும் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்கள் பழகும் படங்களைக் காட்டி, அந்த மனிதர்களின் உணர்ச்சி என்ன என்று மீனிடம் கேட்டார்கள். இத்தனை தடவை சோதிப்பதை ஈடுகட்டும் திருத்தம் போடாமல் அலசியபோது மீனின் மூளையில் புள்ளிகள் எரிந்தன. திருத்தம் போட்டதும் எல்லாம் மறைந்தன.

திருத்தம் போட்டுவிட்டால் முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. 2016இல் எக்லுண்டும் கூட்டாளிகளும் பரவலாகப் பயன்பட்ட மென்பொருள்களின் ஒருவகைத் திருத்தத்தைச் சோதித்து, தளர்வான அமைப்புகளில் பொய் முடிவு 70 சதவீதம் வரை போகலாம் என்று காட்டினார்கள். என்னை அதைவிட அதிகம் யோசிக்க வைத்தது 2020இல் நேச்சர் இதழில் வந்த ஒரு வேலை: 108 பேரின் ஒரே டேட்டாவை 70 குழுக்களுக்குக் கொடுத்து, ஒரே ஒன்பது ஊகங்களைச் சோதிக்கச் சொன்னார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் அலசவில்லை, சில ஊகங்களுக்கு விடைகளும் நிறைய மாறின. அத்தனை பேரும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள். அதனால் படிக்கும்போதே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எத்தனை மில்லிமீட்டர் ஸ்மூத்திங், தலை எவ்வளவு ஆடினால் விடுவேன், எந்தத் திருத்தம், எந்தப் பகுதி, இதையெல்லாம் முடிவுப் படத்தைத் திறக்கும் முன்பே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவிடுங்கள். திறந்து பார்த்த பிறகு மாற்றினால் மாற்றியதையும் எழுதுங்கள். நான் பழைய கணக்கு நோட்டுதான் வைத்திருக்கிறேன், கட்டம் போட்டது.

கேள்வி (சித்தூர், ஆந்திரம்): நான் ஐடியில் மெஷின் லேர்னிங் வேலை பார்க்கிறேன். ஸ்கேனைப் போட்டு டீப் லேர்னிங்கில் எண்ணத்தைப் படிக்கலாம் என்கிறார்கள். இங்கே நான் நேராக இறங்கலாமா மேடம்?

பதில்: இறங்கலாம், தேவையானதில் பாதி உங்கள் கைவசம் இருக்கிறது. ஆனால் உங்கள் வேலையில் லட்சக்கணக்கில் வரிசைகள், சில நூறு நிரல்கள் இருக்கும். இங்கே தலைகீழ், சில நூறு படங்கள், ஒவ்வொன்றிலும் பல்லாயிரம் வாக்ஸெல். டீப் லேர்னிங்குக்கு முன் நேர்கோட்டு எஸ்விஎம் (வகைகளை ஒரு நேர்கோட்டால் பிரிக்கும் எளிய முறை) போதும். 2001இல் ஜேம்ஸ் ஹாக்ஸ்பி குழு செய்த சோதனையின் டேட்டா நைலேர்னிலேயே இருக்கிறது: ஆறு பேர், முகம், வீடு, பூனை, நாற்காலி, செருப்பு என்று எட்டு வகைப் படங்கள், ஆளுக்கு 12 ரன் (இடைவிடாத ஒரு ஸ்கேன் தொடர்) வரை. பார்த்தது முகமா வீடா என்று மூளைப் படத்தை வைத்துக் கண்டுபிடிப்பது.

உங்களைப் போன்றவர்கள் தவறுகிற இடம் ஒன்று. படங்களைக் குலுக்கிப் பிரித்து, 80 சதவீதம் பயிற்சிக்கு, 20 சோதனைக்கு என்று வைக்காதீர்கள். ரத்த அலை மெதுவாக வடிவதால் பக்கத்துப் பக்கத்துப் படங்கள் ஒட்டிக்கொண்டே இருக்கும், பயிற்சியில் இருந்த படத்தின் நிழலே சோதனையிலும் வந்துவிடும், மதிப்பெண் ஜொலிக்கும். ஒரு முழு ரன்னை ஒதுக்கி வைத்து மற்றவற்றில் பயிற்சி கொடுங்கள். பல ஆட்களை வைத்துச் செய்தால் ஒரு முழு ஆளை ஒதுக்குங்கள். எந்த வாக்ஸெல்களை எடுப்பது என்ற தேர்வையும் பயிற்சிப் பகுதிக்குள்ளேயே செய்யுங்கள், முழு டேட்டாவையும் பார்த்துத் தேர்ந்துவிட்டு அதிலேயே சோதிப்பது விடைத்தாளைப் படித்துவிட்டுப் பரீட்சை எழுதுவது மாதிரி. லேபிள்களை (எந்தப் படம் முகம், எது வீடு என்ற விடைகளை) குலுக்கிப் போட்டும் உங்கள் புரோகிராம் 70 சதவீதம் காட்டினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

கேள்வி (நகரி): அரசுப் பள்ளி ஆசிரியை நான். எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. தெலுங்கு வாசிக்கும்போதும் தமிழ் வாசிக்கும்போதும் மூளையில் என்ன நடக்கிறது என்று யாராவது பார்க்கலாமே? எப்படிச் செய்வார்கள்?

பதில்: டீச்சர், இந்த வாரம் வந்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. நான் இதை ஒரு முழு நாள் யோசித்தேன்.

தமிழ்ச் சொல்லைக் காட்டி ஸ்கேன் எடுத்தால் மூளையில் பல இடம் எரியும், கண், கவனம், எழுத்து, ஒலி, பொருள் எல்லாம் சேர்ந்து. அதனால் எப்போதும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். தமிழ்ச் சொற்கள், தெலுங்குச் சொற்கள், மூன்றாவதாக எழுத்து மாதிரியே வளைவுகள் இருந்தும் எந்த எழுத்தும் இல்லாத கோட்டுருவங்கள். இந்த மூன்றாவது இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது வாசிப்பையா, வளைவுகளைப் பார்ப்பதையா என்று தெரியாது. தெலுங்கு எழுத்து தமிழை விட உருண்டை, எழுத்துக்குக் கீழே சேரும் ஒத்தும் குறியும் அதிகம், வித்தியாசம் தெரிந்தால் அது மொழியால் வந்ததா எழுத்தின் வடிவத்தால் வந்ததா? அதற்கு இன்னொரு வழி, காதில் கேட்க வைப்பது. சொற்கள் இரண்டு மொழியிலும் ஒரே அளவு பழக்கமானவையாகவும் இருக்க வேண்டும். ‘அம்மா’ இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்று, அப்படிப்பட்ட சொற்களை என்ன செய்வது? இந்தப் பட்டியலைத் தயாரிக்க ஆய்வகத்துக்காரர்களை விட உங்களைப் போன்ற ஒருவர்தான் தேவை, வகுப்பில் எந்தச் சொல் எந்தப் பிள்ளைக்குத் தெரியும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

முடிவைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். தெலுங்கு வாசிக்கும்போது பயத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஒரு பகுதி எரிந்தது, ஆகவே பிள்ளைகளுக்குத் தெலுங்கு என்றால் பயம் என்று எழுதிவிடக் கூடாது. ஒரே பகுதி பத்து வேலைகளில் எரியும். பின்னாலிருந்து முன்னால் ஊகிக்கும் இந்தப் பிழையை 2006லேயே ரஸ்ஸல் போல்ட்ராக் விரிவாக எழுதிவிட்டார், இன்னும் செய்திகளில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

பிள்ளைகள் என்றால் அசைவு இன்னொரு பெரிய தொல்லை. அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே டேட்டாவில் தெரியும். போலி ஸ்கேனருக்குள் படுத்துப் பழக வைப்பார்கள், அந்த டக் டக் சத்தத்தை முன்கூட்டியே கேட்க வைப்பார்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி, பெற்றோர் கையெழுத்து, பிள்ளையின் சம்மதம், எல்லாம் அவர்களுக்குப் புரியும் மொழியில். பெரியவர்களை வைத்துச் செய்தால் உலோகம் எல்லாம் கழற்ற வேண்டும், ஹேர்பின், ஊக்கு, மெட்டி, சங்கிலி. தாலியைக் கழற்ற யோசிக்கும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாங்கள் மஞ்சள் கயிறு வாங்கி வைத்திருப்போம், தனி அறையில் மாற்றிக்கொள்ள நேரம் கொடுப்போம், அவசரப்படுத்த மாட்டோம். அதுவும் இந்த வேலையில் கற்றுக்கொள்ள வேண்டியதுதான், எந்த வீடியோவிலும் வராது.

கேள்வி (செங்கோட்டை): என் மகனுக்கு 19 வயது, ஒரு வருடமாக மனச்சோர்வு. எஃப்எம்ஆர்ஐ எடுத்தால் என்ன நோய் என்று உறுதியாகத் தெரியும் என்று ஒருவர் சொல்கிறார். கடன் வாங்கி எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. ஒரு தனி ஆளுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று சொல்லும் நிலைக்கு எஃப்எம்ஆர்ஐ வரவில்லை. ஆராய்ச்சிகளில் சொல்வது பலரைச் சேர்த்த சராசரி, உங்கள் மகனைப் பற்றி அது எதுவும் சொல்லாது. வலிப்பு, மூளைக்கட்டி போன்றவற்றுக்கு அறுவை சிகிச்சை செய்யும் முன், பேச்சும் கை அசைவும் எந்தப் பக்கம் என்று பார்க்க இதைப் பயன்படுத்துகிறார்கள், அது வேறு. டாக்டர் சாதாரண எம்ஆர்ஐ கேட்டால் அதற்கும் காரணம் வேறாக இருக்கும், அதை எடுங்கள். அந்தப் பணத்தை மனநல மருத்துவரிடம் தொடர்ந்து போவதற்கு வையுங்கள். அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, மகனைத் தனியாக விடாமல் கூடப் போங்கள்.

கேள்வி (மார்த்தாண்டம்): இதைப் படிக்க எங்கே போவது?

பதில்: நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம், வடக்கே மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம். இடம் கேட்டு எழுதும்போது எனக்கு ஆர்வம் அதிகம் என்று மட்டும் எழுதாதீர்கள். மேலே கொழிஞ்சாம்பாறைத் தம்பிக்குச் சொன்ன அந்த இரண்டு கோடுகளை, நீங்களே எழுதிய நாற்பது வரி புரோகிராமோடு இணைத்து அனுப்புங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்பினால், எங்கே பிசகியிருக்கிறது என்று அடுத்த இதழுக்கு முன்பே பார்த்துச் சொல்கிறேன்.